கேரவன் ஐஸ்பெட்டி மத்தியானத்தில் குளிரவில்லையா? விசிறி வைப்பதற்கான முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பீடோர், சுங்காய், தாப்பா வட்டாரத்தில் இப்போது யாரைப் பார்த்தாலும் பழைய வேனைக் கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், இல்லையென்றால் வெளிநாட்டில் ஓடி முடித்த கேரவன் ஒன்றை இறக்கி வீட்டுக்குப் பக்கத்தில் செம்பனை ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை, தைப்பூசத்துக்குப் பத்துமலை, சும்மா ஒரு சனி ஞாயிறு என்றால் லூமுட் கடற்கரை. எல்லாம் நன்றாகத்தான் போகும், ஐஸ்பெட்டியைத் திறக்கும் வரை. காலையில் ஜில்லென்று இருந்த பால் மத்தியானம் மூன்று மணிக்கு வெதுவெதுப்பாக நிற்கும், இரவில் மறுபடி குளிர்ந்துவிடும், காலையில் காப்பி போடும்போது திரிந்துபோகும். "கேஸ் மட்டும் தீர்ந்துபோகுது தம்பி, பெட்டி குளிர மாட்டேங்குது" என்று வேனில் நாசி லெமாக் விற்கும் அக்கா ஒருவர் சொன்னார். இந்தப் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அதன் முதுகுப் பக்கம் சூடு வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஃபேன் வைக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காற்றுக்கு வழி இல்லாத இடத்தில் ஃபேனை வைத்தால் அது அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். முதலில் வழி, பிறகு விசிறி. இந்த வரிசையை மாற்றினால் காசும் நேரமும் வீண்.

இந்தப் பெட்டி குளிர்வது எப்படி

கேரவனில் கேஸிலும் கரண்டிலும் ஓடும் பெட்டிக்கும் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் சம்பந்தமே இல்லை. இதில் கம்ப்ரசர் கிடையாது, மோட்டார் கிடையாது, சத்தமும் கிடையாது. 1922-இல் சுவீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது, பிறகு எலெக்ட்ரோலக்ஸ் வாங்கி உலகம் முழுக்க விற்றது. கரண்ட் வராத ஊர்களில் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஐஸ்பெட்டிகளும் இதே வகைதான். இன்று கேரவன்களில் பார்க்கும் டொமெட்டிக், தெட்ஃபோர்ட், நோர்கோல்ட் பெட்டிகளில் கேஸில் ஓடுபவை எல்லாம் இந்தக் குடும்பம்.

உள்ளே மூடிய இரும்புக் குழாய்களில் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கின்றன. கீழே பாய்லர் என்ற பகுதியைக் கேஸ் தீயோ மின் ஹீட்டரோ சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போய், உச்சியில் தகடுகள் கோத்த கண்டென்சரில் தன் சூட்டை விட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் பெட்டிக்குள் இறங்கி, ஹைட்ரஜனோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கேதான் குளிர். பிறகு நடுவில் வளைந்து வளைந்து போகும் அப்சார்பர் குழாயில் தண்ணீர் அந்த அம்மோனியாவைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், அப்போதும் சூடு வெளிவரும்.

ஆக, கண்டென்சர், அப்சார்பர் என்ற இரண்டு இடத்திலும் சூட்டை வெளிக்காற்றுதான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் காற்றை நகர்த்த இயந்திரம் எதுவும் இல்லை. சுவரில் கீழே ஒரு வென்ட் (காற்றுத் துளை), மேலே சுவரிலோ கூரையிலோ இன்னொரு வென்ட். சூடான காற்று தானாக மேலே ஏறிப் போக, கீழே குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும். வெளியே 20 டிகிரி என்றால் இது அருமையாக நடக்கும். நம் ஊரில் மத்தியானம் 33, 34 டிகிரி. மேற்குப் பார்த்து நிறுத்தினால் அந்தச் சுவரைத் தொட முடியாது. வெளியிலும் சூடு, உள்ளேயும் சூடு, வித்தியாசம் குறைவு, அதனால் காற்று சோம்பலாகத்தான் நகரும்.

பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எஸ்என் அல்லது என் என்று இருந்தால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரைக்கும்தான் அது தாங்கும், எஸ்டி என்றால் 38, டி என்றால் 43. எஸ்என் பெட்டியை இங்கே கொண்டுவந்து ஓட்டினால் மத்தியானத்தில் திணறத்தான் செய்யும். ஃபேன் ஸ்டிக்கரை மாற்றாது, ஆனாலும் அந்தத் திணறலைக் கணிசமாகக் குறைக்கும்.

ஃபேன் வாங்கக் கிளம்புவதற்கு முன்

வண்டி சமமாக நிற்கிறதா? திரவம் தன் எடையிலேயே ஓடும் பெட்டி இது, சாய்ந்தால் ஓட்டம் நின்றுவிடும். இப்போதைய மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை பரவாயில்லை என்கிறார்கள், பழைய மாடல்கள் இன்னும் கண்டிப்பு. ஓடும் வண்டியில் குலுங்கிக்கொண்டே இருப்பதால் தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது பயமில்லை. சரிவில் நிறுத்திவிட்டு இரவெல்லாம் ஓட விடுவதுதான் ஆபத்து, பாய்லரில் சூடு தேங்கிக் குழாய்க்குள் கசடு கட்டிவிட்டால் பிறகு சரியாகாது.

கதவு ரப்பர். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும் காற்று, பெட்டிக்குள் குளிர் தரும் தகடுகளான ஃபின்னில் பனியாகக் கட்டும், கட்டினால் குளிர் இறங்காது.

அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்றால் இதை அவசியம் பாருங்கள்: அதன் ஹீட்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 240 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் இரண்டு மடங்கு வோல்ட்டுக்கு நான்கு மடங்கு சூடு வரும், ஹீட்டர் கருகும், அதற்கு மேலும் நடக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடக்கூடாது.

கரண்டில் நன்றாகக் குளிர்ந்து கேஸில் மட்டும் குளிரவில்லை என்றால் அது காற்றோட்டப் பிரச்சினை இல்லை, பர்னர் பிரச்சினை. தீ நீலமாக நிமிர்ந்து எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால் பர்னரோ புகைக்குழாயோ அடைத்திருக்கிறது. தோட்டப்புறத்தில் வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றால் குளவி பர்னர் குழாயில் மண்கூடு கட்டிவிடும், பல்லி புகைக்குழாய்க்குள் குடியிருக்கும்.

கடைசியாக, எனக்குப் பிடித்த சோதனை. நல்ல வெயில் நேரத்தில், பெட்டி கரண்டில் ஓடும்போது (கேஸில் வேண்டாம், தீ அணைந்துவிடும்), கீழ் வென்ட் மூடியைக் கழற்றிவிட்டு வீட்டு மேசை ஃபேனை அதற்கு நேராக வைத்து உள்ளே வீச விடுங்கள். பெட்டிக்குள் நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வையுங்கள், காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் ஏறி இறங்கி ஏமாற்றும். நான்கைந்து மணி நேரத்தில் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியாவது இறங்கினால் உங்களுக்கு வேண்டியது காற்றுதான், தைரியமாகத் தொடர்ந்து படியுங்கள். அசையவே இல்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

படி 1: முதுகைத் திறந்து பாருங்கள்

கேஸ் தோங்கை (சிலிண்டரை) மூடுங்கள், கரண்டை எடுங்கள், இரண்டு மணி நேரம் ஆற விடுங்கள். மேல் வென்ட்டையும் கீழ் வென்ட்டையும் கழற்றி டார்ச் அடித்து, எட்டாத இடத்துக்குக் கைப்பேசியை உள்ளே நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள்.

இப்படி ஒரு கேரவனின் முதுகைத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன், உங்களுடையதும் இதில் பாதியாவது இருக்கும். கண்டென்சர் தகடுகளுக்கு நடுவில் தோட்டத்துச் செம்மண் தூசி, விரலால் தடவினால் சாந்து மாதிரி வந்தது. கீழ் வென்ட்டின் உள்பக்கம் யாரோ கொசுவலையை இரண்டு மடிப்பாக ஸ்டேப்பிள் அடித்திருந்தார்கள், அதன் கண்கள் முழுக்க அடைத்துப்போய்க் காகிதம் போல நின்றது. பெட்டியின் முதுகுக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. பெட்டியின் தலைக்கு மேலே ஒரு பெரிய வெற்றிடம், அதற்குள் பஞ்சு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே எத்தனை ஃபேன் வைத்தாலும் என்ன பிரயோசனம்?

ஐரோப்பிய வண்டிகளில் இன்னொன்று உண்டு. வென்ட் கிரில்லுக்கு மேலே வழவழப்பான பிளாஸ்டிக் மூடி இருந்தால் அது பனிக்காலத்துக்கு மட்டும் மாட்டுவது. அழகாக இருக்கிறது, மழை வராது என்று பலர் இங்கேயும் கழற்றுவதில்லை. கழற்றுங்கள்.

படி 2: காற்றுக்கு வழி போடுங்கள்

இந்தப் படிதான் முக்கால்வாசி வேலை. சிலருக்கு இதோடு முடிந்துவிடும், ஃபேனே தேவைப்படாது.

மென்மையான பிரஷ், ஊதுகுழல் வைத்துத் தூசியை எடுங்கள். தகடுகள் வளைந்திருந்தால் பிளாஸ்டிக் துண்டால் நிமிர்த்துங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், பின்னால் மின் கட்டுப்பாட்டுப் போர்டும் பர்னரும் இருக்கின்றன. கொசுவலையை எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய கண் உள்ள துருப்பிடிக்காத கம்பிவலை போடுங்கள். குளவி நுழையக்கூடாது, காற்று நுழைய வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு.

அடுத்து இடைவெளி. காற்று சோம்பேறி, தகடுகளுக்குள் நுழைந்து போவதைவிடப் பின்னால் அகலமான சந்து இருந்தால் அந்த வழியாக மேலே ஓடிவிடும், சூடு அங்கேயே நிற்கும். கண்டென்சருக்குப் பின்னால் சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல் இடம் இருந்தால் மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டிச் சுவர்ப் பக்கம் பொருத்தி அந்த அகலத்தைக் குறையுங்கள். அலுமினியத் தகட்டின் கீழ்முனை அப்சார்பருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் தொடங்கட்டும், அங்கிருந்து மேலே ஏறும் காற்று வேறு வழியில்லாமல் கண்டென்சர் தகடுகளுக்குள் போகும். பெட்டியின் இடம் வலம் சந்துகளையும் அடையுங்கள். தலைக்கு மேல் இருக்கும் வெற்றிடத்துக்குப் பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து மேல் வென்ட்டின் விளிம்பு வரை சாய்வாக ஒரு தகடு. அப்போது சூடான காற்று அங்கே தேங்காமல் நேராக வெளியே போகும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மரம், நுரைப் பஞ்சு, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். அங்கே அலுமினியமும் சூடு தாங்கும் டேப்பும்தான்.

பெட்டிக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள விளிம்புகள் முழுக்க மூடியிருக்க வேண்டும், இது குளிருக்காக மட்டும் இல்லை. தீ எரிந்த புகை படுக்கிற இடத்துக்குள் வரக்கூடாது. கேஸில் ஓடும் பெட்டி உள்ள வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், ஃபேனுக்கு ஒதுக்கிய காசில் முதலில் அதை வாங்குங்கள்.

கீழ் வென்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். நம் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் இறங்கும், அது வெளியேறவும் அந்தத் துளைதான் வழி.

படி 3: எந்த ஃபேன்

12 வோல்ட் டிசி, பிரஷ் இல்லாத கம்ப்யூட்டர் ஃபேன், 120 மில்லிமீட்டர் அளவு. சாதாரணப் பெட்டிக்கு இரண்டு, சின்னப் பெட்டிக்கு ஒன்று போதும். முதுகில் ஒட்டிய சீட்டில் ஆம்பியர் பாருங்கள்: 0.1 முதல் 0.25 வரை இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் சத்தமும் பேட்டரியும்தான் சாப்பாடு. பால் பேரிங் (குண்டு தாங்கி) என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள், மற்ற வகை அந்தச் சூட்டில் எண்ணெய் காய்ந்து சீக்கிரம் கிறீச்சிட ஆரம்பிக்கும். ஐபி55, ஐபி67 என்று தண்ணீர் தாங்கும் ஃபேன்களும் கிடைக்கின்றன, கொஞ்சம் விலை கூட, ஆனால் சாயங்கால மழை சாய்வாக அடிக்கும் நம் ஊருக்கு அந்தக் காசு நியாயம். வண்ண விளக்கு வைத்த ஃபேன் வேண்டாம். இரவில் வென்ட் வழியாக ஒளி வந்தால் பூச்சியெல்லாம் அங்கேதான் கூடும்.

பேட்டரிக் கணக்கு சுலபம். 0.15 ஆம்பியர் ஃபேன் இரண்டு என்றால் 0.3. நாள் முழுக்க ஓடினால் 7.2 ஆம்பியர்-மணி, சூடானால் மட்டும் ஃபேனை ஓட்டும் தெர்மோஸ்டாட் வைத்து பத்து மணி நேரம் ஓடினால் 3. ஒரு சின்ன சோலார் பலகை இதைத் தூக்கத்திலேயே நிரப்பிவிடும்.

கூடவே வாங்க வேண்டியது: கேஎஸ்டி 301 என்ற சின்ன தெர்மோஸ்டாட், 40 அல்லது 45 டிகிரி, சூடானால் இணையும் வகை. எதிர் வகையும் அதே உருவத்தில் விற்கிறது, சூடானால் துண்டிக்கும், மாற்றி வாங்கிவிட்டால் ஃபேன் ராத்திரி ஓடி மத்தியானம் தூங்கும். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை (மின் அளவி) இணைத்து, தெர்மோஸ்டாட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சுடுதண்ணீர் டம்ளரில் விட்டுப் பாருங்கள், டிக் என்ற சத்தத்தோடு இணைய வேண்டும். நம் வெயிலுக்கு 45 நல்லது, 40 போட்டால் பகல் முழுக்க நிற்காமல் ஓடும்.

பிறகு 1 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பிடிப்பான், மூன்று நிலை சுவிட்ச், 0.75 சதுர மில்லிமீட்டர் வண்டி வயர், சூடு காட்டினால் வயரோடு சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் டியூப், அலுமினிய எல் பட்டை, ரப்பர் வளையங்கள். தண்ணீர் தாங்கும் ஃபேனுக்குப் போகாவிட்டால் எல்லாம் பெரும்பாலும் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடியும்.

படி 4: எங்கே வைப்பது

இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி மேல் வென்ட்டில் வைத்துச் சூட்டை வெளியே உறிஞ்சச் சொல்லும், இன்னொன்று கீழேயிருந்து மேலே தள்ளச் சொல்லும். இரண்டும் வேலை செய்யும். நான் தள்ளுகிற கட்சி. காரணம், மேலே வைத்த ஃபேன் எப்போதும் சூட்டிலேயே கிடக்கிறது, கேஸில் ஓடும்போது தீயின் புகைச்சூடும் சேர்ந்துகொள்ளும், ஆயுள் குறைவு. கீழே வைத்தால் ஒப்பிட்டால் குளிர்ந்த காற்றில் நிற்கும், கை எட்டும், மாற்றுவதும் சுலபம்.

ஆனால் கீழே என்றால் தரையோடு தரையாக இல்லை. கீழ் வென்ட்டுக்கு நேரே பின்னால் பெரும்பாலும் பர்னர் இருக்கிறது, அதன் மேல் காற்று பட்டால் தீ ஆடும், அணையும். எனவே பர்னர் பெட்டியைவிட உயரத்தில், அது இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கமாக, அப்சார்பர் குழாய்களுக்குக் கீழே அல்லது கண்டென்சருக்குச் சற்றுக் கீழே, முகம் மேலே பார்த்தபடி வையுங்கள். ஃபேனின் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசை அதுதான். அம்பு மேலே.

முழு இடத்தையும் ஃபேனால் அடைக்காதீர்கள். பாதி இடம் காலியாக இருக்கட்டும். ஃபேன் என்றாவது நின்றுபோனால் பழையபடி காற்று தானாக ஏறிப் போக வழி வேண்டும்.

கூரை வென்ட் இல்லாமல் இரண்டு வென்ட்டும் சுவரிலேயே உள்ள வண்டிகளில் மட்டும் நான் கட்சி மாறுவேன். மேல் வென்ட் கண்டென்சரின் தலையைவிடத் தாழ்வாக இருந்தால் சூடு அதற்கும் மேலே மாட்டிக்கொள்கிறது, உறிஞ்சினால்தான் வரும். அப்போது ஃபேனை மேல் கிரில்லின் உள்பக்கம், புகைக்குழாய் வாய்க்கு விலகி, வெளியே பார்த்தபடி மாட்டுங்கள்.

படி 5: மாட்டுவது

பெட்டியில் துளை போடாதீர்கள். அந்தக் குழாய்களில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கடும் அழுத்தத்தில் நிற்கின்றன, ஒரு திருகாணி பட்டாலும் பெட்டி போச்சு, உங்கள் கண்ணும் மூச்சும் அதைவிட முக்கியம். எல் பட்டையை வண்டியின் சுவர்ச் சட்டத்தில்தான் திருக வேண்டும், அதுவும் சுவரின் கனத்தை அளந்து பார்த்துவிட்டு, வெளியே வராத நீளத்தில் திருகாணி. ஃபேனுக்கும் பட்டைக்கும் நடுவில் ரப்பர் வளையம் போட்டால் இரவில் ஊங்காரம் கேட்காது. வயரைச் சூடான குழாய்களிலும் புகைக்குழாயிலும் படாமல் சுவரோடு கட்டுங்கள். ஃபேனுக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கொஞ்சம் கீழே வளைத்து மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் வயரோடு ஓடிவந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும்.

தெர்மோஸ்டாட்டை கண்டென்சர் தகட்டின் மேல் பகுதியில், சூடு தாங்கும் அலுமினிய டேப்பாலோ சின்னக் கிளிப்பாலோ ஒட்டிப் பிடிக்க வையுங்கள். தளர்வாகத் தொங்கினால் காற்றின் சூட்டைத்தான் அளக்கும்.

படி 6: வயரிங்

வரிசை இதுதான். 12 வோல்ட் பாசிட்டிவ், ஃபியூஸ், சுவிட்ச், தெர்மோஸ்டாட், ஃபேன்களின் சிவப்பு வயர். ஃபேன்களின் கறுப்பு வயர் நெகட்டிவ். இரண்டு ஃபேன் என்றால் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. மூன்றாவது, நான்காவது வயர் இருந்தால் அவை வேகம் பார்க்கவும் மாற்றவும். தனித்தனியாக இன்சுலேட் செய்து ஒதுக்குங்கள்.

மூன்று நிலை சுவிட்சின் நடு நிலை அணைப்பு. ஒரு பக்கம் தெர்மோஸ்டாட் வழியாக, மறுபக்கம் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி நேராக ஃபேனுக்கு. லூமுட்டில் கொளுத்தும் மத்தியானம் கதவை நொடிக்கொரு தரம் பிள்ளைகள் திறக்கும்போது நேர்ப்பக்கம் தட்டிவிடுவேன்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது? பெட்டிக்குப் பின்னாலேயே 12 வோல்ட் வருகிறது, ஆனால் அங்கே இரண்டு வகை இருக்கலாம். கட்டுப்பாட்டுப் போர்டுக்கு எப்போதும் வரும் மெல்லிய வயர் ஒன்று. இன்ஜின் ஓடும்போது மட்டும் ஹீட்டருக்கு வரும் தடித்த வயர் இன்னொன்று. தடித்ததில் எடுத்தால் வண்டி நின்றதும் ஃபேனும் நிற்கும், நமக்குத் தேவையே அப்போதுதான். மல்டிமீட்டரால், இன்ஜின் அணைத்த நிலையில், பார்த்து எடுங்கள். சந்தேகம் என்றால் வண்டிக்குள் விளக்கு முதலியவற்றுக்கு இருக்கும் பேட்டரியின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்துவிடுங்கள், அதுதான் சுத்தமான வேலை. ஃபியூஸ் எப்போதும் கரண்ட் புறப்படும் முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஃபேனுக்குப் பக்கத்தில் இருந்து பயனில்லை.

வயரைச் சும்மா முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றாதீர்கள். நம் ஈரத்தில் ஆறு மாதத்தில் டேப் உரிந்து பசை வழியும், செம்பு பச்சை பிடிக்கும். கிரிம்ப் செய்து (இணைப்பியை இடுக்கியால் நசுக்கி) ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

படி 7: ஊதுபத்தி சோதனை

கேஸ் தோங் மூடியிருக்கும்போது, அந்தப் பக்கம் கேஸ் வாடை துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். ஃபேனை ஓட விட்டு, கீழ் வென்ட் வாயில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும், மேல் வென்ட்டில் வெளிவர வேண்டும். நடுவில் எங்காவது சுழன்று நின்றால் அங்கே ஒரு சந்து பாக்கி, தகடு வைத்து மூடுங்கள். பிறகு வண்டிக்குள் வந்து ஜன்னல்களை மூடி, சமையல் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, பெட்டியின் நான்கு ஓரமும் ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டே போங்கள். புகை ஆடாமல் மேலே போனால் சரி. உள்பக்கம் தள்ளப்பட்டால் பின்னாலிருந்து காற்று உள்ளே வருகிறது, நாளைக்குத் தீயின் புகையும் அதே வழியில் வரும்; அடைக்காமல் கேஸில் ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஊதுபத்தியை அணைத்துத் தூரப் போட்டுவிட்டு, கேஸைத் திறந்து தீ மூட்டி, ஃபேன் ஓடும்போது தீயைப் பாருங்கள். நீலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் ஃபேனை இன்னும் உயர்த்துங்கள் அல்லது பர்னர் பக்கம் ஒரு சின்னத் தகடு மறைப்பு. கேஸ் இணைப்பு எதையாவது தொட்டிருந்தால் சோப்பு நுரை தடவிப் பார்க்க மறக்க வேண்டாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இது மெதுவான பெட்டி. ஃபேன் போட்ட ஒரு மணி நேரத்தில் திறந்து பார்த்து மூக்கைச் சுளிக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க ஓட விட்டுத் தண்ணீர் கிளாஸைப் பாருங்கள். காலை, மத்தியானம் மூன்று மணி, இரவு என்று மூன்று நேரம் குறித்து, ஃபேன் இல்லாத ஒரு நாளோடு ஒப்பிடுங்கள். மாற்றம் மத்தியானக் கணக்கில்தான் தெரியும். காலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும். பாலும் தேங்காய்ப்பாலும் மீனும் வைக்கிறவர்களுக்கு இலக்கு 4, 5 டிகிரி. அதற்கு மேல் பல மணி நேரம் நின்ற சாமானை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

ஃபேனோடு சேர்த்து இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டால் இன்னும் இறங்கும். கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டுக் கரண்டில் போட்டுவிடுங்கள், வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்ந்த சாமானையே உள்ளே அடுக்குங்கள். சந்தையில் வாங்கிய வெதுவெதுப்பான கோழியையும் பத்துப் பாட்டில் தண்ணீரையும் ஒரே நேரத்தில் திணித்தால் அது குளிர அரை நாள் பிடிக்கும். நிறுத்தும்போது பெட்டி இருக்கும் சுவர் கிழக்கு அல்லது வடக்குப் பார்க்கட்டும். நிழல் என்று செம்பனை அடியில் நிறுத்தினால் மட்டை விழும், ரப்பர் மரத்தடியில் காய் வெடிக்கும், டுரியான் மரத்தடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேமரன் மலைக்குப் போனால் ஃபேனை அணைத்துவிடலாம், அந்தக் குளிருக்குத் தேவையில்லை. உயரத்தில் காற்று மெல்லியதாக இருப்பதால் கேஸ் தீ கொஞ்சம் சோர்ந்து எரியும், அங்கே கரண்ட் இணைப்பு கிடைத்தால் அதில் ஓட்டுங்கள்.

ஃபேன் உதவாத இடம்

பின்னால் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை அடித்தாலோ, பாய்லர் பக்கம் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் வெளியே கசிந்த அடையாளம் அது, விஷம், தொடவோ தூசியைச் சுவாசிக்கவோ கூடாது. பெட்டியை நிறுத்திக் கேஸை மூடி, ஜன்னல்களைத் திறந்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். குளிர்க்குழாய்த் தொகுதியை மாற்ற வேண்டும், இல்லை பெட்டியையே. அந்த விலையைக் கேட்ட பிறகு பலர் 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிக்குப் போய்விடுகிறார்கள், சோலார் நன்றாக இருந்தால் நம் வெயிலுக்கு அது நல்ல முடிவுதான். அதற்கும் முதுகில் காற்று வேண்டும், மேலே சொன்ன தகடு வேலையில் பாதி அதற்கும் பொருந்தும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது தோட்டத்து மண் ரோட்டில் நிறைய ஓடினால் அதற்கும் முன்பே, கீழ் வென்ட்டைக் கழற்றித் தூசி தட்டுங்கள். அப்போதே ஃபேன் இறக்கையை விரலால் சுழற்றிப் பாருங்கள். தடங்கலாகச் சுற்றினாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம், புதிதாக ஒன்றை மாட்டிவிடுங்கள்.